நிறுத்தல் அளவை

“அளவாத்தான் குடிக்கிறேன்.” இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இருபது வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமனார் என்னைத் தனியாக அழைத்து, “தம்பிக்குப் பழக்கம் ஏதும் உண்டுங்களா?” என்று கேட்டார். “எப்பவாவது, அளவா” என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. மனைவி முகம் வாடிய இரவுகளிலும் அதே பதில்தான். மகனை டியூஷனிலிருந்து அழைத்துவர மறந்துபோன அன்றும் அதே பதில்தான். “அளவுன்னா எவ்வளவு?” என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இத்தனைக்கும் என் பிழைப்பே அளவுதான். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைக் கொழுந்து எத்தனை கிலோ, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் இறங்கியதா, இறங்கவில்லையென்றால் எங்கே போனது என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. பத்துக் கிலோ உதைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் தன் வாயில் ஊற்றிக்கொண்டதை மட்டும் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்காக அதை எண்ணியது என் அம்மா. அந்தக் கணக்கு என் கையில் கிடைத்து மூன்று வருடம் ஆகப் போகிறது. இன்னும் மனதில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மாலை போட்ட சாட்சி

நான் குடிகாரன் இல்லை என்பதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று, சபரிமலை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால், மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும்வரை ஒரு சொட்டு தொடமாட்டேன். ஏழு வருடம் தொடர்ந்து போயிருக்கிறேன், ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அந்த நாட்களில் கை நடுங்காது, எரிச்சல் வராது, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்வேன். “பாரு, நினைச்சா விட முடியுது” என்று மனைவியிடம் சொல்வேன். மாலை போடுவதற்கு முந்தின இரவு நண்பர்களோடு எவ்வளவு போனது, மாலையைக் கழற்றிய அன்றே எவ்வளவு போனது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. இரண்டாவது சாட்சி, ஊரடங்கு. 2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை கடைகளை மூடினார்கள். ஆறு வாரம் நானும் குடிக்காமல்தான் இருந்தேன். மே 7-ஆம் தேதி கடை திறந்தபோது மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். மறுநாளே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, நல்லவேளை நேற்றே வாங்கிவிட்டோம் என்பதுதான். அந்த நிம்மதியை அன்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. குடிக்காமல் இருந்த நாட்களை மட்டும்தான் நான் எண்ணியிருக்கிறேன். 41 நாள் விரதத்தைக் காட்டி மிச்சம் 324 நாளுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டிருக்கிறேன். விரதம் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த மாலை எத்தனையோ குடும்பங்களுக்கு வருடத்தில் ஒன்றரை மாத நிம்மதியைக் கொடுக்கிறது. ஆனால் நான் அந்த மாலையை ரசீது மாதிரிப் பயன்படுத்தினேன். அது என் தப்பு.

சாட்சிகள் போக எனக்கு ஓர் அளவுகோலும் இருந்தது. அது அப்பா. அம்மாவும் அப்பாவும் இலங்கையின் கண்டிச் சீமையில் பிறந்தவர்கள், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுபதுகளில் கப்பலேறி வந்தவர்கள். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா கவாத்து வெட்டினார். சம்பள நாள் என்றால் அப்பா வீட்டுக்கு நடந்து வந்ததில்லை. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் போகும் ஒற்றையடிப் பாதையில் கிடப்பார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தூக்கிவருவோம். ஒருமுறை அவரும் விட முயன்றார். பெரியவர்கள் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்க, அன்றோடு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் உதறியது. சுவரில் பூச்சி ஊருகிறது, தட்டுங்கள் என்று கத்தினார். பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் இப்படிப்பட்ட குழப்பமும் வரலாம், உயிரே போகலாம், அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போய்ப் பல வருடம் கழித்துத்தான். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து தனியாக முயற்சி செய்யாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அங்கே படுக்கவைத்துப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நான்காம் நாள் யாரோ இரக்கப்பட்டு ஒரு கிளாஸ் கொடுக்க, நடுக்கம் நின்றது. அதற்கப்புறம் அவர் விடவே முயலவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, 47 வயதில் போனார். நான் பாதையில் கிடக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, டிவியைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறேன், காலையில் எட்டு மணிக்கு ஃபேக்டரியில் இருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நான் அளவாகத்தான் குடித்தேன்.

பத்து ரூபாய் நோட்டுகள்

2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டுக்குள் வீசியெறியும் பாட்டில்கள் உடைந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்று நான் எல்லோரிடமும் பேசினேன். ஆனால் ஒரு பாட்டிலைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை. காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பகலில் நடக்கக் கூச்சமாக இருந்தது. குடித்து முடித்ததும் பின்பக்கம் விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சாக்கில் போட்டுவிடுவேன். அது அவ்வப்போது காலியாகும். மனைவி பழைய இரும்புக்காரருக்குப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும், ராத்திரிக் கூட்டத்தில் நிற்க வேண்டாம் என்று பன்னிரண்டரைக்கே போய்விட்டேன். நல்ல வெயில், ஆனால் நிழலில் நின்றால் குளிர் குத்தியது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஜன்னலை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு வயதான பெண் நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் நிற ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மஃப்ளர், கையில் மஞ்சப்பை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். ஒவ்வொரு பாட்டிலும் செய்தித்தாளில் சுற்றியிருந்தது, ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராமல் இருப்பதற்காக. தாளைப் பிரித்து, மடித்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள். விற்பனையாளர் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து உள்ளே எடுத்து வைத்தார். தாளை மடிக்கும் அந்த விரல்களை எனக்குத் தெரியும். கொழுந்துக் கறை ஏறி, ஓரம் வெடித்த விரல்கள்.

வரிசையிலிருந்து விலகி ஒரு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றேன். அம்மாவுக்கு அப்போது 65 வயது. அப்பா உயிரோடு இருந்தவரை அவரைத் தேடிக்கூட அவள் சாராயக்கடை வாசலுக்குப் போனதில்லை. என்னைத்தான் அனுப்புவாள். “நீ போய்க் கூப்பிட்டு வா, நான் இங்கயே நிக்கிறேன்” என்று மேட்டில் நின்றுகொள்வாள். அப்படிப்பட்டவள் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில், தலையைக் குனியாமல், அவசரமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஏழு பத்து ரூபாய் நோட்டுகளை வாங்கி இரண்டு முறை எண்ணினாள். ஒரு நோட்டு கிழிந்திருந்தது போலிருக்கிறது, மாற்றித் தரச் சொன்னாள். மாற்றிக் கொடுத்தார். சுருக்குப் பையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனாள். நான் அந்த இடத்திலேயே இருந்தேன். பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ தெரியாது. அப்புறம் போய் வரிசையில் நின்று வாங்கினேன். ஆமாம், அன்றும் வாங்கினேன். ராத்திரி குடித்தேன். முடித்ததும் பாட்டிலை விறகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும்போதுதான் கை நின்றது. நாளைக்கோ மறுநாளோ அம்மா இதை எடுத்து, தாளில் சுற்றி, பையில் வைப்பாள். இத்தனை மாதமாக நான் வைக்க, அவள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சாக்கிலேயே போட்டேன். வேறு எங்கே வைப்பது?

மறுநாள் காலை அடுப்படியில் கேட்டேன். “ஏம்மா, கடைக்கெல்லாம் நீ எதுக்குப் போற?”

“ஒண்ணுக்குப் பத்து ரூவா தர்றான் தம்பி. சும்மாவா தூக்கிப் போடுறது?”

“இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கு?”

“எழுதி வச்சிருக்கேன், பாரு.”

எங்கள் வீட்டில் பால் கணக்கு மாதக் காலண்டரில்தான். கட்டத்துக்குள் அரை, ஒன்று என்று அம்மா நீலப் பேனாவில் எழுதுவாள். அதே கட்டங்களின் ஓரத்தில் பத்து நாளுக்கொரு முறை ‘பா 60’, ‘பா 50’, ‘பா 80’ என்று இருந்தது. நான் தினமும் அந்தக் காலண்டரைப் பார்க்கிறவன். பாயசத்துக்குக் கூடுதலாக வாங்கிய பால் என்று நினைத்திருப்பேனோ என்னவோ. 2023 காலண்டருக்குப் பின்னாலேயே அதே ஆணியில் 2022 காலண்டரும் தொங்கியது. ஜூன் மாதத் தாளிலிருந்து கூட்டினேன், வேலை பழக்கம். 1,380 ரூபாய். 138 பாட்டில். எட்டரை மாதத்தில் மாலை போட்டிருந்த நாட்களைக் கழித்தால் முப்பது வாரம். வாரத்துக்கு மூன்று நாள்தான் குடிக்கிறேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன். மூன்று நாள் என்றால் 90 பாட்டில் இருக்க வேண்டும். 48 பாட்டில் உதைத்தது. இது வீட்டில் குடித்தது மட்டும். பாரில், நண்பர் வீட்டில், கல்யாணத்தில் குடித்ததெல்லாம் இந்தக் காலண்டரில் இல்லை. எல்லாவற்றையும் குவார்ட்டர், அதாவது 180 மில்லி, என்றே வைத்தாலும் கிட்டத்தட்ட 25 லிட்டர் சரக்கு. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் பத்தரை லிட்டர்.

“நான் அளவாத்தான்மா குடிக்கிறேன்” என்றேன். வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “நிறுத்தாத்தானே தம்பி அளவு தெரியும்.”

கொழுந்தைத்தான் சொன்னாள். முப்பது வருடம் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம் என்று தராசு முன்னால் நின்றவள். கூடையை முதுகிலிருந்து இறக்கும்போதே எத்தனை கிலோ என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் தராசு முள் நிற்கும்வரை நகரமாட்டாள். என் காதில் அந்த வார்த்தை இரண்டு விதமாகவும் விழுந்தது. அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

இருமல் மருந்து மூடி

அடுத்த வாரமே டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. “எவ்வளவு குடிப்பீங்க?” என்றார். “ஒருநாளைக்கு ரெண்டு பெக், மேடம்.” “எந்த கிளாஸ்ல?” அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் குவார்ட்டரை இரண்டு ரவுண்டாக ஊற்றிக் குடிப்பேன், ஆகவே இரண்டு பெக் என்று சொல்லிவந்தேன். வீட்டுக்கு வந்து, வழக்கமாக ஊற்றும் எவர்சில்வர் டம்ளரில் வழக்கமான அளவுக்குத் தண்ணீரை ஊற்றி, மகனுடைய இருமல் மருந்து மூடியால் அளந்தேன். பத்து மில்லி மூடி. ஒன்பது மூடி வந்தது. மறுபடி அளந்தேன், ஒன்பது. நம் ஊர் சரக்கில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லியில் சுமார் பத்து கிராம். அதைத்தான் மருத்துவர்கள் ஒரு அளவு என்று கணக்கிடுகிறார்கள். என்னுடைய ‘ரெண்டு பெக்’ ஆறு அளவு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடித்தால், விடியற்காலைவரை அது ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வருவதை நான் வயசு என்று நினைத்திருந்தேன். குடித்தால் தூக்கம் சட்டென்று வருகிறது, ஆனால் ராத்திரியின் பின்பாதியை அது கெடுத்துவிடுகிறது.

இன்னொரு நம்பிக்கையும் அந்த நாட்களில்தான் உடைந்தது. மலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது: “குளிருக்கு இதமா இருக்கும்.” மார்கழி, தை மாதத்தில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியும். அந்தக் குளிரில் ஒரு கட்டிங் உள்ளே போனால் உடம்பு கதகதவென்று இருக்கும், உண்மைதான். ஆனால் ஆல்கஹால் தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடுவதால் வருகிற சூடு அது. உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போகிறது, உடம்பு குளிர்ந்துதான் போகிறது. சம்பள நாள் ராத்திரிகளில் அப்பாவை அந்தப் பாதையிலிருந்து தூக்கிவரும்போது அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது ஏன் என்று எனக்கு 44 வயதில் புரிந்தது.

ஏழு மணி

மூன்று மாதம் முழுசாக விட்டுவிட்டு வாருங்கள், மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்குக் காலை நடுக்கம் இல்லை, வலிப்பு வந்ததில்லை, தினமும் குடித்ததும் இல்லை என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். மாலை போட்டு நாற்பது நாள் இருந்தவனுக்கு இது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். பெரிய விஷயமாகத்தான் இருந்தது. விரதத்தில் கூட்டம் இருக்கிறது, பஜனை இருக்கிறது, கழுத்தில் மணி இருக்கிறது, ஊரே ‘சாமி’ என்று கூப்பிடுகிறது, முக்கியமாக முடியும் தேதி இருக்கிறது. இதில் ஒன்றும் இல்லை. ஃபேக்டரி விட்டு வந்து குளித்து, ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீட்டு விளக்கு மஞ்சளாகக் கரைந்துகொண்டிருக்கும். கை டம்ளரைத் தேடும். நான் சரக்கைவிட அந்த ஏழு மணியைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. நாள் முடிந்துவிட்டது, இனி யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது என்பதற்கான அறிவிப்பு அது. அந்த அறிவிப்பைக் கேட்டு என் வீட்டில் மூன்று பேர் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பத்து நாள் தூக்கம் வரவில்லை. இனிப்புக்கு நாக்கு அலைந்தது. சாயங்காலம் டீயோடு வர்க்கி நாலைந்து தின்றேன், ஜாம் தடவியும் தின்றேன். யாராவது குடியைக் குறைக்கிறவர்கள் இனிப்புத் தின்றால் கேலி செய்யாதீர்கள், கொஞ்ச நாளில் அது தானாக அடங்கும். மூன்றாம் வாரம் ஒருநாள் கண் விழித்தபோது மணி ஐந்தரை. நடுவில் ஒருமுறைகூட விழிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காட்டுச் சேவல் கூவுவதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்போது இப்படித் தூங்கினேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. ஏழு மணி நாற்காலியை இடம் மாற்றி அடுப்படிக்குள் போட்டேன். மனைவி தோசை ஊற்ற, மகன் எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட, நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். மகன் ஒருநாள், “அப்பா, முகத்தல் அளவைல சந்தேகம்” என்று நோட்டை நீட்டினான். அந்த நேரத்தில் என்னிடம் சந்தேகம் கேட்கலாம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

மூன்று மாதத்தில் ஜிஜிடி பாதியாக இறங்கியது. சரி, இனி எப்போதாவது அளவாக என்று ஆரம்பித்தேன். ஆவணியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். நம் ஆட்களிடம் ‘வேண்டாம்’ என்ற சொல் செல்லுபடியாக இரண்டில் ஒரு சாட்சி வேண்டும். ஒன்று சாமி, இல்லாவிட்டால் டாக்டர். “மாலை போட்டிருக்கேன்” என்றால் விட்டுவிடுவார்கள். “மாத்திரை சாப்பிடுறேன்” என்றால் பாவம் என்பார்கள். “போதும்ப்பா, எனக்கு இவ்வளவுதான்” என்று சொல்லிப் பாருங்கள். “என்னடா மாப்ள, கம்பெனி குடுக்க மாட்டியா?” என்று தோளில் கை விழும். எனக்கும் அந்தக் கை பிடித்திருந்தது. நான்கு ரவுண்டு போனது. அதற்கடுத்த வாரம் வீட்டில் நான்கு நாள். விறகுக்குப் பின்னால் சாக்கு மறுபடி கனத்தது. காலண்டரில் அம்மா எழுதினாள்: பா 40. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிலிருந்து நானே எழுத ஆரம்பித்தேன். பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தில், எதிர் மூலையில், சிவப்புப் பேனாவில், மில்லியில். குடிக்காத நாளுக்குப் பூஜ்யம் போடுவதில்லை, குடித்த நாளை மட்டும் எழுதுகிறேன். மறைவாக எழுதவில்லை, அடுப்படியில் எல்லோரும் பார்க்கும் சுவரில் எழுதுகிறேன். வீட்டுக்குப் பாட்டில் வாங்கி வருவதை நிறுத்தினேன். கடையில் கிடைக்கும் ஆகச் சின்ன பாட்டிலே 180 மில்லி, திறந்தால் முடிக்காமல் மூட எனக்கு வராது, அது என் குணம் என்று ஏற்றுக்கொண்டேன். குடிப்பதென்றால் வெளியில், ஆட்களோடு, 60 மில்லி, அதையும் அந்த மருந்து மூடியால் அளந்து. சட்டைப் பையிலிருந்து மூடியை எடுக்கும்போது முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் தன் டம்ளரையும் அளந்து பார்க்கக் கேட்டார். அளந்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். 2024-இல் என் சிவப்பு எண்களின் கூட்டுத்தொகை 3,240 மில்லி. பதினெட்டு குவார்ட்டர்.

இதைச் சாதனை என்று எழுதவில்லை. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், எந்த அளவு குடித்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில், புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக ஆல்கஹாலையும் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே என் பதினெட்டும் நல்லதில்லை. குறைப்பது எல்லோருக்கும் முடியும் என்றும் சொல்லமாட்டேன். என் கூட்டாளி ஒருவருக்கு முதல் மூடியே கடைசி பாட்டில்வரை இழுத்துக்கொண்டு போய்விடும். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறார், “இன்னைக்கு ஒரு நாள்” என்று மட்டும்தான் சொல்வார், நான்கு வருடமாகத் தொடவில்லை. அவருக்கு முன்னால் நான் மூடியை எடுப்பதில்லை. எனக்குக் குறைக்க முடிந்தது என்பதால் அவரால் ஏன் முடியாது என்று கேட்பதைப்போன்ற கொடுமை வேறில்லை. அப்பாவிடம் ஊரே அப்படித்தான் கேட்டது.

இந்த வருடம் பொங்கலுக்கு மறுவாரம் மச்சான் வந்திருந்தார். அவர் குடித்துவிட்டு வைத்துப் போனது இரண்டு பாட்டில். காலையில் அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, அம்மாவின் மஞ்சப்பையில் போட்டு, நானே கடைக்கு எடுத்துப்போனேன். பகல் வெளிச்சத்தில், பஸ் ஸ்டாண்டு வழியாக. ஜன்னலில் வைத்துத் தாளைப் பிரித்தேன், ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு இரண்டு பத்து ரூபாய் நோட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். “வெத்தலைக்கு ஆச்சு” என்று சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்துபோய்க் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும் பேனாவை எடுத்தாள். பேனா எழுதவில்லை. ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்து, மை வந்ததும் கட்டத்தில் எழுதினாள்: பா 20. கொஞ்சம் தள்ளி நின்று என் சிவப்பு மூலையைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அங்கே ஒன்றும் இல்லை.

“மச்சானோடதா?” என்றாள்.

“ஆமாம்மா.”

பேனாவை மூடி ஆணியில் மாட்டிவிட்டு, பால் பொங்கப் போகிறது என்று அடுப்புப் பக்கம் போனாள்.